பிரிய வேண்டிய தையல்

தருமபுரியில் ஜான் பீ தைத்த ரவிக்கையைப் பற்றி எல்லாருக்கும் ஒரே ஒரு குறைதான். துணி வெளுக்கும், முதுகில் நைந்து இழை தெரியும், அதற்கப்புறமும் தையல் பிரியாது. பிள்ளை பெற்று உடம்பு போட்டவர்கள், பக்கவாட்டில் அரை இஞ்ச் பிரித்துவிட்டுக்கொள்ளலாம் என்று ஊசியும் கையுமாக உட்கார்ந்தால் ஒரு பகல் போய்விடும். "தச்சாளா, வெல்டிங் வச்சாளா" என்று, தைத்தது யாரென்று தெரியாமலே, பாலக்கோட்டு மாதம்மாள் கேட்டது ஊரெல்லாம் சுற்றிக் கடைசியில் ஜான் பீயின் காதுக்கும் வந்தது. அவள் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டாள். பாராட்டுதானே அது.

அவளுக்கு யாரும் தையல் சொல்லிக்கொடுக்கவில்லை. பதினெட்டு வயதில் அப்துல் கனியைக் கட்டிக்கொண்டு கிருஷ்ணகிரியிலிருந்து தருமபுரிக்கு வந்தவள். அவர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே குடையும் பூட்டும் ரிப்பேர் செய்கிறவர். மழை பெய்தால் குடை, திருட்டு நடந்தால் பூட்டு, இரண்டும் இல்லாத மாதங்களில் வீட்டில் நிம்மதி என்று அவரே சொல்லிச் சிரிப்பார். அந்த நிம்மதி தாங்க முடியாமல்தான் ஜான் பீ ஒரு பழைய மிஷினை வாங்கிப் போட்டாள். தன் கல்யாண ரவிக்கையை நூல் நூலாகப் பிரித்தாள். துண்டுகளைப் பாயில் பரப்பி, எது தோள், எது கக்கம், எது முதுகு என்று மூன்று நாள் பார்த்துக்கொண்டே இருந்தாள். நாலாம் நாள் திரும்பத் தைத்துப் போட்டுக்கொண்டாள். அதிலிருந்து எந்த உடுப்பைப் பார்த்தாலும் அவள் கண்ணுக்கு அது வெட்டிப் பரப்பிய துண்டுகளாகத்தான் தெரியும். எதிரே நின்று பேசுகிறவர்களின் முகத்தை விட்டுவிட்டுத் தோள்பட்டையையே பார்ப்பாள். திமிர் பிடித்தவள் என்று சிலர் நினைத்ததுண்டு.

கடைவீதியில் பெரியண்ணன் ஜவுளிக்கடை. துணி வாங்குகிறவர்களிடம் தைத்தும் தருகிறோம் என்று சொல்லி அளவை வாங்கிக்கொள்வார்கள். துணி மூட்டையாக ஜான் பீ வீட்டுக்கு வரும். தைத்து முடித்ததும், கழுத்தின் உட்புறம் கடையின் பேர் போட்ட சின்னத் துண்டை வைத்துத் தைத்தாக வேண்டும். பத்து வருஷம் அப்படித் தன் கையாலேயே இன்னொருவர் பேரைத் தைத்துத் தைத்து அனுப்பினாள். வாய்விட்டு ஒன்றும் சொன்னதில்லை. ஆனால் "ஜான் பீ வூடு எதுங்க" என்று தெருவில் விசாரித்துக்கொண்டு ஒரே ஒரு வேலையாவது தன்னைத் தேடி வர வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

1986 அக்டோபரில் அது வந்தது. வந்தவன் அந்த வெல்டிங் மாதம்மாளின் மகன் குப்புராஜ். தக்காளி போடுகிற வீட்டுப் பிள்ளை. பெங்களூரில் ஒரு கம்பெனியில் பகலில் வேலை, சாயங்காலம் ஒரு நடனக் குழுவில் ஆட்டம். என்ன ஆட்டம் என்று கேட்டால் மாதம்மாளுக்குச் சொல்லத் தெரியாது. கூத்தும் இல்லை, பரதநாட்டியமும் இல்லை, சினிமா ஆட்டமும் இல்லை. சலங்கை கிடையாது, வேஷம் கிடையாது, பாதி நேரம் பாட்டே கிடையாது. நடக்கிறான், விழுகிறான், எழுந்திருக்கிறான், அதற்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு சனங்கள் வருகிறார்கள் என்று அவள் ஊரில் எல்லாரிடமும் வெட்கமும் பெருமையுமாகச் சொல்லி வைத்திருந்தாள்.

வருஷா வருஷம் அக்டோபர் நடுவில் தொடங்கிப் பெங்களூரில் அந்த மாதிரிப் புது நடனங்கள் ஐந்து சனிக்கிழமைகளுக்கு நடக்குமாம். பம்பாயிலிருந்தும் மெட்ராஸிலிருந்தும்கூடக் குழுக்கள் வருமாம். எந்தச் சனிக்கிழமை யார், என்ன நடனம் என்று அச்சடித்த நோட்டீஸை குப்புராஜ் மிஷின் மேல் வைத்தான். முதல் சனிக்கிழமை அவர்களுடையது. ஒத்திகையில் போட்ட பழைய உடுப்புகள் கிழிந்துவிட்டன, ஏழு பேருக்கு ஏழு புது உடுப்பு வேண்டும். பெங்களூர் டெய்லர்களோ, தீபாவளிக்கு இரண்டே வாரம் இருக்கும்போது எவன் செத்தாலும் கோடித்துணி தைக்க மாட்டோம் என்கிற நிலையில் இருந்தார்கள்.

"எங்கம்மா ஜாக்கெட்டப் பாத்துத்தான் உங்களத் தேடி வந்தேங்க்கா" என்றான் குப்புராஜ். "ஜவுளிக்கடையில கேட்டேன். தைக்கறவங்க பேரு சொல்லமாட்டோம்னுட்டாங்க. தெருத் தெருவா விசாரிச்சு வந்தேன்."

அவன் அப்படிச் சொன்னது போதும், ஜான் பீ அந்த நிமிஷமே ஒப்புக்கொண்டாள். சேதி பெரியண்ணனுக்குப் போகாமல் இருக்குமா? தீபாவளி நேரத்தில் வெளிவேலை எடுப்பதாக இருந்தால் இனி எப்போதுமே வெளிவேலையே எடுத்துக்கொள்ளட்டும் என்று ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினார். அவளும் தைக்காமல் இருந்த துணிகளை மூட்டை கட்டி அதே ஆளிடம் கொடுத்தனுப்பினாள். மூட்டை போன பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தாள். இந்த ஏழு உடுப்பு நன்றாக அமைந்தால் இனிமேல் தன் பேரில் பிழைத்துக்கொள்ளலாம். கெட்டுப்போனால் பெரியண்ணன் கடை வாசலில் போய்க் கைகட்டி நிற்க வேண்டும்.

குப்புராஜ் மாதிரிக்கு ஒரு உடுப்பைக் கொடுத்திருந்தான். குழுவின் தலைவியான மேடம் தன் கையாலேயே தைத்தது. "அப்படியே இதே மாதிரி ஏழு. அளவு மட்டும் வேற" என்று ஏழு பேர் அளவை எழுதிக் கொடுத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடிவிட்டான். கழுத்திலிருந்து முழங்கால் வரை வருகிற அங்கி. வெளியே மண் நிறம், உள்ளே நீலத் துணி. வெட்டு நல்ல வெட்டு என்று ஜான் பீ ஒப்புக்கொண்டாள். தையல்தான் சகிக்கவில்லை. கக்கத்திலிருந்து முழங்கால் வரை இரண்டு பக்கமும் பெரிய பெரிய ஓட்டுத்தையல், அதுவும் தடித்த வெள்ளை நூலில். இடுப்புக்குக் கிட்டே ஒரு நூல் வால் மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தது.

ஓட்டுத்தையல் எதற்கு என்று தையல்காரர் எவரைக் கேட்டாலும் சொல்லுவார். அளவு பார்க்கத் தற்காலிகமாகப் போடுவது. சரியாக இருந்தால் மிஷினில் கெட்டியாகத் தைத்துவிட்டு அதை உருவிப் போட வேண்டும். பாவம், மிஷின் இல்லாத வீடு போலிருக்கிறது என்று ஜான் பீ அந்த மேடத்துக்காக இரக்கப்பட்டாள். தொங்கிய நூலைக் கத்திரியால் நறுக்கென்று வெட்டினாள். தொங்குகிற நூலைப் பார்த்தால் அவள் கை தானாகக் கத்திரியைத் தேடும். பிறகு ஏழு அங்கிகளையும் வெட்டி, நூல் நிறம் பார்த்து வாங்கி, விழுந்து எழுந்திருக்கிற ஆட்டமாயிற்றே என்று பக்கவாட்டில் ஒன்றுக்கு மூன்று தையலாகப் போட்டாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் குப்புராஜ் வந்து, மேலாகப் பார்த்து, சூப்பர் என்று சொல்லி வாங்கிக்கொண்டு போனான்.

சனிக்கிழமை காலையில் துணித் துணுக்குகளைக் கூட்டும்போது அந்த நோட்டீஸ் கையில் வந்தது. அதன் பின்பக்கம் ஒரு போட்டோ இருந்தது. ஒத்திகையில் எடுத்தது. ஏழு பேர் வரிசையாக நின்று, ஒரு நீளமான துணியை மேடை முழுக்க விரித்துப் பிடித்திருந்தார்கள். இத்தனை நாளும் அவள் அந்த ஆட்களின் தோள்பட்டையைத்தான் பார்த்திருந்தாள். இன்றைக்குத் துணியைப் பார்த்தாள். துணியின் ஓரத்தில் பிறை மாதிரி ஒரு வளைவு தெரிந்தது. கொஞ்சம் தள்ளி இன்னொரு வளைவு. இரண்டுக்கும் நடுவில் வட்டமாக ஒரு வெட்டு.

கக்கம், கக்கம், கழுத்து. அது துணியே இல்லை, அங்கி. ஏழு அங்கிகள் பக்கவாட்டில் பிரிந்து, உள்ளே இருந்த நீலம் வெளியே வந்து, ஒன்றோடொன்று சேர்த்துப் பிடித்திருக்கிறார்கள். அந்த ஓட்டுத்தையல் பிரிவதற்கென்றே போட்ட தையல். அவள் வெட்டி எறிந்த வால், பிடித்து இழுப்பதற்காக விட்ட நூல். ஜான் பீ துடைப்பத்தை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். சாயங்காலம் ஆறரைக்கு ஆட்டம், அவர்கள் கையில் இருப்பதோ மூன்று தையல் போட்ட ஏழு அங்கி.

அப்துல் கனி டீயோடு வந்தவர் என்ன ஏது என்று விசாரித்தார். முழுவதையும் கேட்டுவிட்டு, அந்தப் பையன் சொல்லாதது அவன் தப்பு, நீ என்ன பண்ணுவாய் என்று சமாதானம் சொன்னார். சொல்லாதது அவன் தப்புதான், தைத்தது என் கை, நான் போகிறேன் என்றாள் அவள். வெளியே நல்ல மழை. குடைக்காரருக்கு வருஷத்தில் பிழைப்பு உள்ள நாளே இந்த மாதிரி நாள்தான். அவர் கொஞ்ச நேரம் மழையைப் பார்த்தார். பிறகு கடைச் சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, திட்டு விழுவதாக இருந்தால் இரண்டு பேருக்கும் சேர்ந்தே விழட்டும் என்று அவளோடு கிளம்பினார்.

பையில் ஒரு கட்டு பிளேடு, நூல்கண்டுகள், ஊசி, ஜாக்கெட்டுக்கு வைக்கிற ஹூக்கு ஒரு அட்டை. ஓசூர் தாண்டும் வரை ஜான் பீ அந்தப் போட்டோவையே பார்த்துக்கொண்டு வந்தாள். பெங்களூரில் இறங்கி, நோட்டீஸில் இருந்த விலாசத்தைக் காட்டிக் காட்டி, அந்த அரங்கத்தைக் கண்டுபிடித்தபோது மணி ஒன்றரை.

உள்ளே மேடையில் குப்புராஜ் கையை விரித்து நின்றுகொண்டிருந்தான். ஒரு பெண் அவன் அங்கியின் பக்கவாட்டை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். அங்கி அசையவில்லை, குப்புராஜ்தான் இரண்டடி நகர்ந்தான். கூட இருந்தவர்கள் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. மேடையின் விளிம்பில், தலைமுடியை ஆண்பிள்ளை மாதிரிக் கத்தரித்துக்கொண்ட ஐம்பது வயது அம்மாள் உட்கார்ந்திருந்தாள். அவள்தான் மேடம். அவள் கையில் கத்திரிக்கோல்.

"வெட்டாதீங்க" என்று ஜான் பீ வாசலிலிருந்தே சொன்னாள். "வெட்டுனா ஓரம் போயிரும். நான் பிரிச்சித் தரேன்."

திட்டு விழும் என்று பார்த்தாள், விழவில்லை. மேடம் கத்திரியைக் கீழே வைத்துவிட்டு, இது பிரிய வேண்டிய உடுப்பு என்று பெங்களூர்த் தமிழில் பொறுமையாகச் சொன்னாள். தெரிந்துதான் வந்தேன் என்றாள் ஜான் பீ. பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். இழுத்தால் எவ்வளவு வேகத்தில் பிரிய வேண்டும்? மேடம் உண்மையை ஒப்புக்கொண்டாள். தன்னுடைய ஓட்டுத்தையலும் ஒழுங்காகப் பிரிந்ததில்லை. ஏழு பேரில் இரண்டு பேருக்கு நூல் நடுவில் மாட்டிக்கொள்ளும், மற்றவர்கள் முன்னால் நின்று மறைத்துவிடுவார்கள். ஒரே இழுப்பில் ஏழும் பிரிந்ததை அவள் இதுவரை பார்த்ததே இல்லை.

ஜான் பீ கொஞ்சம் யோசித்தாள். பாலக்கோட்டு ஆலையின் சர்க்கரை மூட்டையைப் பிரித்தவர்களுக்குத் தெரியும். மூட்டை வாயில் நூலைச் சங்கிலி மாதிரி, கண்ணிக்குள் கண்ணியாகக் கோத்துத் தைத்திருப்பார்கள். ஐம்பது ஆள் இழுத்தாலும் தாங்கும். ஆனால் சரியான நுனியைப் பிடித்து இழுத்தால் மொத்தமும் ஒரே ஓட்டமாக உருவிக்கொண்டு வந்துவிடும். அவள் ஒரு துணுக்கில் கையாலேயே அப்படிக் கண்ணி கண்ணியாகத் தைத்தாள். கடைசிக் கண்ணி தானாக நழுவாமல் இருக்க, அதை ஒரு ஜாக்கெட் ஹூக்கில் மாட்டினாள். ஹூக்கிலிருந்து எடுத்து இழுத்துக் காட்டினாள். சரசரவென்று கழன்றது. மேடம் வாங்கித் தானே இழுத்துப் பார்த்தாள். திரும்பத் தைக்கச் சொல்லி மறுபடி இழுத்தாள். மூன்றாவது தடவை சிரித்துவிட்டாள்.

ஆனால் முதலில் பழைய தையலைப் பிரிக்க வேண்டுமே. ஏழு அங்கி, பதினாலு ஓரம், ஓரத்துக்கு மூன்று தையல். தருமபுரிப் பெண்கள் எதற்காகத் தன்னைத் திட்டினார்கள் என்பது ஜான் பீக்கு அன்றைக்குத்தான் முழுசாக விளங்கியது. ஆடுகிறவர்கள் ஏழு பேரும் தரையில் சம்மணம் போட்டு, ஆளுக்கொரு பிளேடோடு குனிந்தார்கள். ஒரு பெண் விரலை வெட்டிக்கொண்டாள். இதையெல்லாம் யார் இப்படித் தைத்தது என்று குப்புராஜ் வாய்தவறிக் கேட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்ததும் குனிந்துகொண்டான். எல்லாரையும்விட வேகமாகப் பிரித்தவர் அப்துல் கனிதான். தினமும் குடைக் கம்பியிலிருந்து துணியைப் பிரிக்கிற கை. ஏழில் மூன்றை அவரே முடித்தார், நாலாவதுக்கும் கை நீட்டினார்.

கண்ணித் தையல் மட்டும் அவள் ஒருத்திதான் போட முடியும். மூன்றரை மணிக்கு முதல் ஓரத்தில் ஊசியை வைத்தவள் தலையை நிமிர்த்தவில்லை. யாரோ காப்பி கொண்டுவந்து வைத்தார்கள், அது அப்படியே ஆறிப்போனது. பதினாலாவது ஓரத்தில் ஹூக்கை வைத்து முடித்தபோது வெளியே சனங்கள் ஈரக் குடையை உதறுகிற சத்தம் கேட்டது. அப்துல் கனியைக் கடைசி வரிசையில் உட்கார வைத்தார்கள். உள்ளே வருகிற குடைகளில் பாதிக்குமேல் கம்பி வளைந்திருப்பதை அவர் கவலையோடு கவனித்துக்கொண்டிருந்தார்.

ஜான் பீ மேடையின் ஓரத்தில், திரைக்குப் பின்னால் நின்றாள். விளக்கு வந்தது. ஏழு பேர் நெருக்கியடித்து நின்றார்கள். டவுன் பஸ்ஸுக்குள் நிற்பதைப் போல, இடித்துக்கொண்டும், ஒருவரையொருவர் பார்க்காமலும். வெகுநேரம் அவள் தைத்த ஓரங்களைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. அப்புறம் குப்புராஜ் மட்டும் தனியாக முன்னால் நடந்து வந்தான். கழுத்து அசையாமல், சின்னச் சின்ன அடியாக, இடுப்பை மட்டும் லேசாக வளைத்து. அந்த நடை அவளுக்குத் தெரியும். பாலக்கோட்டுச் சந்தைக்குள் தக்காளிக் கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டு மாதம்மாள் நடக்கிற நடை அது. அவன் விழுந்தான், கூடை விழவில்லை. கூடையே இல்லை, ஆனாலும் அது விழவில்லை என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. மாதம்மாள் இதைப் பார்த்திருக்க வேண்டுமே என்று தோன்றியது.

ஆட்டம் முடிகிற நேரம் வந்தது. ஏழு பேரும் வரிசையாக நின்று, கையை இடுப்புக்குக் கொண்டுபோனார்கள். ஹூக்கிலிருந்து கண்ணியை எடுக்கிறார்கள் என்பது அவளுக்கு மட்டும் தெரியும். தையல் பிரிந்துவிடக் கூடாது என்றுதான் இத்தனை வருஷமும் அல்லாவிடம் கேட்டிருக்கிறாள். இன்றைக்குப் பிரிய வேண்டும் என்று கேட்டாள். வெட்கத்தை விட்டு, உதடு அசையக் கேட்டாள்.

முதல் அங்கி சரசரவென்று பிரிந்தது. இரண்டாவது பிரிந்தது. மூன்று, நாலு, ஐந்து. ஆறாவதாக நின்ற பெண்ணின் இடது பக்கம் ஒரு மூச்சு நேரம் நின்றது, ஜான் பீயின் உயிரும் கூடவே நின்றது, பிறகு அதுவும் ஓடியது. குப்புராஜ் இரண்டு கையாலும் ஒரே சமயம் இழுத்தான். மண் நிறமெல்லாம் மறைந்து மேடை முழுக்க நீலமாக விரிந்தது. நெருக்கியடித்து நின்ற ஏழு பேருக்கும் நடுவில் இப்போது நிறைய இடம் இருந்தது. சனங்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள்.

கதை என்ன, ராஜா யார், கடைசிவரை ஒருத்தரும் வாயே திறக்கவில்லையே என்று அப்துல் கனி வந்து கேட்டார். கதை எனக்கும் தெரியாது, ஆனால் புரிந்தது என்றாள் ஜான் பீ. அவருக்கும் நீலம் வந்த இடத்தில் என்னவோ செய்ததாம். அதை மட்டும் மெதுவாகச் சொன்னார்.

பெரியண்ணன் கடையிலிருந்து அதற்கப்புறம் மூட்டை வரவில்லை. அவளும் போய் நிற்கவில்லை. மீதி நாலு சனிக்கிழமையும் மற்றக் குழுக்களின் ஆட்டத்தைப் பார்க்க மேடம் அவளுக்கு டிக்கெட் கொடுத்தாள். அதில் இரண்டுக்கு மாதம்மாளையும் கூட்டிக்கொண்டு போனாள். பெங்களூரிலிருந்து இன்னும் இரண்டு குழுக்கள் தருமபுரிக்கு வந்து அவள் வீட்டை விசாரித்தன. அடுத்த வருஷ நோட்டீஸில், ஆடுகிறவர்கள் பேருக்குக் கீழே, உடை என்று போட்டு அவள் பேர் வந்தது. இதெல்லாம் பின்னால் நடந்தவை.

அன்றைக்கு நடந்ததுதான் முக்கியம். அரங்கம் காலியான பிறகு மேடம் ஒரு துணிக்கட்டைக் கொண்டுவந்து ஜான் பீயின் முன்னால் வைத்தாள். ஜனவரிக்கு ஒரு புது நடனம் உருவாகிக்கொண்டிருக்கிறது, இன்னும் பாதிதான் ஆகியிருக்கிறது, அதற்கும் நீங்களே தைக்க வேண்டும், மாதிரிக்கு ஒரு உடுப்பைத் தைத்து குப்புராஜிடம் கொடுத்தனுப்புகிறேன் என்றாள். ஜான் பீ துணியை விரல்களுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். நல்ல துணி. மடித்துத் திரும்ப மேடத்தின் கையிலேயே வைத்தாள். அப்துல் கனிக்குத் திக்கென்றது.

"மாதிரி வேணாங்க" என்றாள். "மொதல்ல ஆடிக் காட்டுங்க. பாத்துட்டுத் தைக்கறேன்."

மேடம் திரும்பி உள்ளே குரல் கொடுத்தாள். வேர்வையோடு, வீட்டுக்குக் கிளம்பப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆடுகிறவர்கள் வந்தார்கள். முன்வரிசையில் நடு நாற்காலியில் ஜான் பீ உட்கார்ந்தாள். ஏழு பேரும் பையை இறக்கி வைத்துவிட்டு மறுபடி செருப்பைக் கழற்றினார்கள்.